கலைந்த குழுவுக்கு ஏங்குவோர் கவனத்திற்கு

கோவில்பத்து வட்டாரத்தில் இப்போது இரண்டு புலம்பல்கள் கேட்கின்றன.

முதல் புலம்பல் பெரியவர்களுடையது. "இந்தப் பையன்களுக்கு என்ன வந்துவிட்டது? கறுப்புப் பனியனை மாட்டிக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். கடன் வாங்கி டிக்கெட் எடுக்கிறார்கள். அங்கே போய்க் கேட்பது சங்கீதமா? காதைக் கிழிக்கும் இரைச்சல்! அதிலும், என்றோ கலைந்து போன ஏதோ ஒரு சீமைக் குழுவை நினைத்து ஏங்குகிறார்கள்!"

இரண்டாவது புலம்பலும் அதே பெரியவர்களுடையதுதான். "அந்தக் காலத்தில் நமது கூட்டம் என்றால் முதலில் பாட்டு. ஆர்மோனியத்தையும் தபலாவையும் வைத்துக்கொண்டு விடிய விடியப் பாடுவார்கள். நடவு முடித்த களைப்போடு வந்தவன் கூட உட்கார்ந்து கேட்பான். இப்போது அந்தக் குழுக்கள் எங்கே? எல்லாம் போச்சு!"

ஒரே வாயிலிருந்து வரும் இந்த இரண்டு புலம்பல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே! பையன் ஏங்குவதும் கலைந்த குழுவுக்காக. பெரியவர் ஏங்குவதும் கலைந்த குழுவுக்காக. ஒருவர் பசியை மற்றவர் பரிகசிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? கேட்க வேண்டிய கேள்வி வேறு. உழைப்பாளி மக்கள் உயிரை விட்டு நேசிக்கும் குழுக்கள் ஏன் கலைகின்றன? கலையாமல் காப்பது யார் பொறுப்பு?

அதற்கு முன்னால், அந்த "இரைச்சல்" எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்வோம்.

விரலை வாங்கிய இயந்திரம்

ஹெவி மெட்டல் என்று அந்த இசைக்குப் பெயர். கன உலோகம் என்று பொருள். பெயருக்கேற்ப அது பிறந்த இடமும் உலோகப் பட்டறைகள் நிறைந்த ஊர்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம். ஆயிரம் தொழில்களின் நகரம் என்று அதற்கு ஒரு பட்டம் உண்டு. அங்கே ஆஸ்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்த நான்கு வாலிபர்கள் 1968-ல் ஒரு குழு அமைத்தார்கள். பின்னால் அது பிளாக் சாபத் என்று பெயர் பெற்றது.

அவர்களில் கித்தார் வாசித்தவர் டோனி அயோமி. தகரம், இரும்புத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் பற்றவைப்பு வேலை அவருக்கு. 1965-ல், 17 வயதில், அந்த வேலையை விட்டுவிட்டு இசைக் குழுவோடு வெளிநாடு போகத் தீர்மானித்தார். அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் இருந்தார். "எடுத்த வேலையை முடித்துவிட்டு வா" என்று தாய் அனுப்பி வைத்தார். தகடு அழுத்தும் இயந்திரத்தில் வழக்கமாக நிற்கும் ஆள் அன்று வரவில்லை. பழக்கமில்லாத பையனை அங்கே நிறுத்தினார்கள். இயந்திரம் இறங்கியது, வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின.

பதிலி ஆளாக நின்று கை கொடுத்தவர்களை நமது மில் தோழர்களும் அறிவார்கள். இது சீமைக் கதை என்று அவர்கள் தள்ளிவிட மாட்டார்கள்.

அயோமி இடது கைப் பழக்கக்காரர். ஆகவே தந்தியை அழுத்த வேண்டிய கை வலது கை. அந்தக் கையின் விரல்களே போயின! இனி வாசிக்க முடியாது என்றார்கள் வைத்தியர்கள். அப்போது அவருடைய தொழிற்சாலை போர்மன் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜிப்சிக் கலைஞனின் தட்டு அது. 1928-ல் குடியிருந்த கூண்டு வண்டி தீப்பிடித்து இரண்டு விரல்கள் முடங்கிப் போன பிறகும், மிஞ்சிய விரல்களால் உலகம் வியக்க வாசித்தவன் அவன். அதைக் கேட்டு அயோமி எழுந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குக் குப்பி செய்தார். பழைய சட்டைத் தோலை வெட்டி அதன்மேல் ஒட்டினார். கனத்த தந்தியை அழுத்தினால் வலி உயிர் போகும். மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே இறக்கினார். 1971-ல் வந்த தட்டில் சில பாட்டுக்களுக்கு மூன்று அரைச் சுருதி அளவுக்கு இறக்கியிருந்தார்.

தவிலின் வாரை இறுக்கினால் நாதம் மேலே ஏறும், தளர்த்தினால் கீழே இறங்கும் என்பது நம் ஊர்ப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். தந்தி தளர்ந்ததும் கித்தார் அடிவயிற்றிலிருந்து உறுமியது. ஒலிபெருக்கியை அதன் தாங்கு சக்திக்கு மேல் முடுக்கினார்கள். ஓசை நொறுங்கிப் பரவியது. இன்று உலகெங்கும் லட்சக்கணக்கான வாலிபர்கள் தலையாட்டிக் கேட்கும் அந்த உறுமல், பாதுகாப்பில்லாத ஓர் இயந்திரம் ஒரு தொழிலாளியின் விரலை வாங்கியதால் அமைந்தது!

குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன். தகப்பனார் இரவு ஷிப்டில் கருவி செய்யும் தொழிலாளி. மகன் இறைச்சிக் கூடத்தில் மாடு அறுத்தவர். மோட்டார் ஹாரன்களுக்குச் சுருதி பார்க்கும் வேலையும் செய்தவர். பக்கத்து வால்சால் நகரத்து ராப் ஹால்போர்டு இரும்பு ஆலைப் புகையைச் சுவாசித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர். அவர் பாடிய ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 1980 ஏப்ரலில் ஒரு தட்டு வெளியிட்டது. பெயர் என்ன தெரியுமா? பிரிட்டிஷ் ஸ்டீல்! அதே ஆண்டு ஜனவரி 2-ம் தேதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, 13 வாரங்கள், பிரிட்டனின் எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். உலைகள் அணைந்திருந்த அந்த நாட்களில்தான் அந்தத் தட்டின் பாட்டுக்கள் பதிவாயின.

இதையா நாம் கனவான்களின் கேளிக்கை என்று ஒதுக்குவது?

எது இரைச்சல்?

பிளாக் சாபத்தின் முதல் தட்டு 1970 பிப்ரவரி 13-ம் தேதி வெளிவந்தது. முதல் பாட்டைக் கேட்ட பாதிரிமார்கள் சிலர் முகம் சுளித்தார்கள். காரணம், அதன் ஆதாரமான ஸ்வர இடைவெளிக்கு ஐரோப்பியச் சங்கீதத்தில் பழைய காலத்திலிருந்தே "சாத்தான்" என்று பட்டப்பெயர் உண்டு. அது என்ன ஸ்வரம்? நமது கணக்கில் ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமம். கல்யாணி ராகத்துக்கு உயிரே அதுதான்! கல்யாண ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர் கல்யாணி வாசித்தால் நமது ஊர்ப் பெரியவர்கள் கண்ணை மூடி ரசிப்பார்கள். ஓரிடத்தில் மங்களம், இன்னோரிடத்தில் சாத்தான். ஸ்வரம் ஒன்றே; பெயர் வைத்தவர்கள்தான் வேறு.

இந்தப் பெயர் வைக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. தப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத் தோலைக் கட்டி, நெருப்பில் காய்ச்சி, வெறும் இரண்டு குச்சிகளால் அடவு பேசவைக்கும் அந்தக் கலைஞனை, "சாவுக்கு வா, தெருவுக்கு வராதே" என்று எத்தனை தலைமுறைகள் சொல்லிவந்தன! தப்பின் ஓசை தீட்டு என்றார்கள். உண்மையில் ஓசைக்கு ஏது தீட்டு? அடித்தவன் கூலிக்காரன், சேரிக்காரன் என்பதே அவர்களுக்குக் குறை. உழைக்கிறவன் எழுப்பும் ஓசையெல்லாம் மேட்டுக்குடியின் காதில் இரைச்சலாகத்தான் விழும். அந்தக் காதை நாமும் கடன் வாங்கலாமா?

குழு ஏன் கலைகிறது?

"கலைஞர்களுக்குள் ஒற்றுமை கிடையாது, தலைக்கனம், குடி" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். குடியும் இருந்தது, போதையும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆஸ்பர்ன் 1979-ல் குழுவிலிருந்து நீக்கப்பட்டது அதனால்தான். போதை தொழிலாளியின் குரல்வளையை நெரிக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

ஆனால் கணக்குப் புத்தகத்தையும் திறந்து பார்க்க வேண்டும். 1975-ல் வந்த தட்டை அந்தக் குழு பழைய நிர்வாகியோடு வழக்காடிக்கொண்டே பதிவு செய்தது. பாடினவன் ஒருவன், பணம் போனது இன்னொரு பெட்டிக்கு என்ற பழைய கதை! அதைவிடப் பாடம் சொல்வது 2012-ம் ஆண்டு விவகாரம். நால்வரும் மறுபடி ஒன்று சேரப் போகிறார்கள் என்று உலகமே கொண்டாடிய நேரத்தில், டிரம் வாசிக்கும் பில் வார்டு பகிரங்கமாகச் சொன்னார்: எனக்குக் கொடுத்த ஒப்பந்தம் கையெழுத்துப் போடத் தகுந்ததாக இல்லை. அவர் இல்லாமலே தட்டு வந்தது. அவர் இல்லாமலே ஊர் ஊராகக் கச்சேரி நடந்தது. 2017 பிப்ரவரி 4-ம் தேதி பர்மிங்ஹாமில் அந்தக் குழு விடைபெற்றபோதும் அவர் மேடையில் இல்லை.

ரசிகர்களின் ஏக்கம் மலைபோல் இருந்தது. அந்த மலையால் ஒரு காண்ட்ராக்ட் காகிதத்தை நகர்த்த முடியவில்லை!

கடைசியில் 2025 ஜூலை 5-ம் தேதி, நால்வரும் ஒரே மேடையில் நின்றார்கள். 2005-க்குப் பிறகு அதுவே முதல் முறை. எங்கே? அவர்கள் வளர்ந்த அதே ஆஸ்டனில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில். 40,000 பேருக்கு மேல் கூடினார்கள். நடுக்குவாத நோயால் நிற்க முடியாத ஆஸ்பர்ன் நாற்காலியில் அமர்ந்தபடியே பாடினார். வருமானம் நடுக்குவாத ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவத்திற்கும் என்று அறிவித்தார்கள். ஜூலை 22-ம் தேதி அவர் காலமானார். 30-ம் தேதி அவர் உடல் பர்மிங்ஹாம் வீதியில் போனபோது ஆயிரக்கணக்கான ஜனங்கள் இருமருங்கும் நின்றார்கள்.

அந்த நகரத்தில் எத்தனையோ ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. லாங்பிரிட்ஜ் மோட்டார் ஆலையை நடத்திவந்த கம்பெனி 2005-ல் கவிழ்ந்தது. வீதியில் நின்றவர்கள் ஒரு பாடகனுக்காக மட்டும் அழுதார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஷிப்டு முடிந்து ஒன்றாக வெளியே வந்த காலத்துக்காகவும் சேர்த்தே அழுதிருப்பார்கள். புதுச்சேரியில் 1898-ல் தொடங்கிய ரோடியர் மில் 2020 ஏப்ரல் 30-ம் தேதி மூடப்பட்டது. அந்த மில் சங்கின் ஓசையை இன்றும் காதில் கேட்பதாகச் சொல்லும் தொழிலாளிக்கு இது விளங்கும். ஆலை கலைந்தால் குழுவும் கலையும். கூடி உழைத்தவர்கள் சிதறிய பிறகு கூடிப் பாடுவது எங்கே?

நமது குழுவின் கதை

இப்போது நமது வீட்டுக்கு வருவோம். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜனைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளருக்காக மலைத்தோட்டத் தொழிலாளர்களிடையே பாடியவர். கூடவே அவர் தம்பிகள். பாவலர் சகோதரர்கள் என்ற பெயரில் அந்தக் குழு ஊர் ஊராக, மேடை மேடையாகப் போயிற்று. ஆர்மோனியம், தபலா, தொண்டை, அவ்வளவுதான் மூலதனம். 1960-களின் இறுதியில் தம்பிகள் சென்னைக்குப் பிழைப்புத் தேடிப் போனார்கள். 1973-ல் பாவலர் காலமானார்.

தம்பிகளில் ஒருவர் 1976-ல் "அன்னக்கிளி" படத்துக்கு இசையமைத்தார். இளையராஜா! 2025 மார்ச் 8-ம் தேதி அவருடைய மேனாட்டு சிம்பொனி லண்டன் ஹாமர்ஸ்மித்தில் அரங்கேறியது. அந்த அரங்கத்தின் பழைய பெயர் ஹாமர்ஸ்மித் ஓடியன். மெட்டல் ரசிகர்களுக்கு அது ஒரு திருத்தலம். பிளாக் சாபத் அங்கே வாசித்த கச்சேரிகள் தட்டாகவே வந்திருக்கின்றன. பண்ணைப்புரத்திலிருந்து கட்சி மேடை வழியாக வந்த ஆர்மோனியமும், ஆஸ்டனிலிருந்து பட்டறை வழியாக வந்த கித்தாரும் ஏறியது ஒரே மேடை. பெரியவரின் ஏக்கமும் பையனின் ஏக்கமும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். ஊர் ஊராகப் பாடிய அந்தக் குழுக்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்? கைதட்டல் கொடுத்தோம். டீ கொடுத்தோம். பஸ் செலவு சில இடங்களில் கிடைத்திருக்கும். பேச்சாளருக்குச் சோடா வாங்கியவர்கள், பாட்டுக்காரன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்டோமா? "கலை மக்களுக்காக" என்று முழங்கினோம். கலைஞன் மக்களில் ஒருவன், அவனுக்கும் கூலி உண்டு என்பதைச் சௌகரியமாக மறந்தோம்.

திருவிழா யாருடையது?

ஜெர்மனியில் வாக்கன் என்று ஒரு விவசாயக் கிராமம். ஜனத்தொகை 2,000 அளவில். 1990-ல் உள்ளூர் வாலிபர்கள் இரண்டு பேர் சேர்ந்து அங்கே ஒரு மெட்டல் திருவிழா தொடங்கினார்கள். முதல் ஆண்டு வந்தவர்கள் சில நூறு பேர். இப்போது 85,000 பேர் வரை கூடுகிறார்கள். மாடு மேயும் புல்வெளியே மைதானம். ஒவ்வொரு ஆண்டும் அந்தக் கிராமத்துத் தீயணைப்புத் தொண்டர்களின் ஊதுவாத்தியக் குழு அந்த மேடையில் வாசிக்கிறது. 2023-ல் பெருமழை கொட்டி வயலெல்லாம் சேறானது; சுமார் 50,000 பேரோடு நுழைவை நிறுத்தினார்கள். அப்படியும் சேற்றில் நின்று கேட்டார்கள். நடவு வயலில் நின்று பழகிய நமக்கு அந்தக் காட்சி அந்நியமாகப் படாது.

அங்கேயும் வியாபாரம் உண்டு. டிக்கெட் மலிவும் அல்ல. ஆனாலும் ஊர் அதில் பங்காளி. நமது நாட்டில் நடப்பதோ பெரும்பாலும் கம்பெனிகளின் வியாபாரம். 2007 மார்ச் 17-ம் தேதி பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் குழு வாசித்தது. தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வாலிபர்கள் ரயிலேறி வந்தார்கள். 2011 அக்டோபர் 28-ம் தேதி டில்லிக்கு அருகே குர்காவ்னில் மெட்டாலிகா வாசிப்பதாக இருந்தது. தடுப்பு வேலி தாங்கவில்லை. பாதுகாப்பில்லை என்று கச்சேரி ரத்தாயிற்று. காசு கொடுத்து, நாள் முழுதும் காத்து நின்ற கூட்டம் கொதித்து மேடையை உடைத்தது. நிர்வாகிகள் சிலர் கைதானார்கள். வேலியைச் சரியாகக் கட்டாமல் டிக்கெட்டை மட்டும் சரியாக விற்றால் வேறென்ன நடக்கும்? இரண்டு நாள் கழித்து பெங்களூரில் அதே குழு வாசித்தது.

ஏக்கத்தையும் சரக்காக்கி விற்கிறார்கள். கலைந்த குழுவின் பெயர் போட்ட பனியன் கடைக்குக் கடை தொங்குகிறது. "கடைசிக் கச்சேரி" என்று ஒரு விலை. இரண்டு வருஷம் கழித்து "மீண்டும் ஒன்று சேர்ந்தோம்" என்று இன்னொரு விலை. வாலிபத் தோழனே! உன் ஏக்கம் உண்மை. அதை எவன் காசாக்குகிறான் என்று மட்டும் பார்த்துக்கொள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சிங்கப்பூரில் 1992-ல் நமது வம்சாவளி வாலிபர்கள் ருத்ரா என்ற மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள். 1996-ல் அது கலைந்தது. யாரும் பழைய நாட்களை நினைத்து உட்கார்ந்திருக்கவில்லை, மீண்டும் கட்டினார்கள். 1998-ல் முதல் தட்டு வந்தது. பின்பும் பல ஆண்டுகள் தட்டுக்கள் வந்தன. கலைந்ததைக் கட்ட முடியும், கட்டுகிறவர்கள் வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, இருக்கும் குழுவைப் பிடித்து நிறுத்துவோம். காரைக்கால் வட்டாரத்தில் தப்பு அடிப்பவர்களும், தவில்காரர்களும், பேண்டு செட்டுக்காரர்களும், மெல்லிசைக் குழுக்காரர்களும் இருக்கிறார்கள். மாங்கனித் திருவிழாவுக்கும், கந்தூரிக்கும், கல்யாணத்துக்கும் ஒலிப்பெட்டியை வாடகைக்கு எடுத்து அவர்களை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பரவிவருகிறது. பெட்டி சோறு கேட்காது. ஆகவே சிக்கனம் என்கிறார்கள். மில் முதலாளி ஆட்குறைப்புக்குச் சொல்லும் அதே நியாயம்! நம் வீட்டு விசேஷத்தில் நாமே அந்த நியாயத்தைப் பேசலாமா?

இரண்டாவது, சங்க மேடையில் பாட வருகிறவருக்குக் கூலி பேசிக் கொடுப்போம். சிறிய தொகையானாலும் முன்கூட்டிப் பேசி, எழுதிக் கொடுப்போம். நன்கொடைப் புத்தகத்தில் பந்தலுக்கு ஒரு வரி இருப்பதுபோல் பாட்டுக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

மூன்றாவது, சர்க்காரைக் கேட்போம். தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. வாஞ்சூர் எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்த கலைஞன் புதுச்சேரி சர்க்காரின் கதவைத்தான் தட்ட வேண்டும். ஒருவனாகத் தட்டினால் திறக்காது. தப்புக்காரரும், தவில்காரரும், கித்தார் வாசிக்கும் பையனும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடட்டும்.

நான்காவது, பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மே தின மேடையில் அந்தக் கறுப்புப் பனியன் பையன்களுக்கு அரைமணி நேரம் கொடுங்கள். பக்கத்திலேயே தப்பை நிறுத்துங்கள். காது வலித்தால் இரண்டு வரிசை தள்ளி உட்காருங்கள். தறிக்கூடத்தில் முப்பது வருஷம் நின்ற காதுகள் அரைமணி நேரம் தாங்கும்! பையன்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்டன் தெருவில் அந்த நால்வர் தம் தெருவின் ஓசையைத்தான் எடுத்தார்கள். உன் தெருவின் ஓசை என்ன என்று நீ கேட்டுப் பார்த்தாயா? பெரியவர்களின் வாயில் இன்னும் மிச்சமிருக்கும் நடவுப் பாட்டையும் இயக்கப் பாட்டையும் உன் கைப்பேசியிலாவது பதிவு செய். அவர்கள் போன பிறகு ஏங்கிப் பயனில்லை.

கோவில்பத்துக்குப் பழம்பெயர் திருத்தெளிச்சேரி. தெய்வமே உழவனாக வந்து இங்கே விதை தெளித்தது என்கிறது தலபுராணம். புராணத்தை நம்புகிறவர் நம்பட்டும். விதைப்பின் கணக்கு விவசாயத் தொழிலாளி எல்லோருக்கும் தெரியும். விதைநெல்லைத் தின்றுவிட்டுப் போன வருஷத்து அறுவடையை நினைத்து ஏங்குகிறவன் பட்டினிதான் கிடப்பான். பாட்டுக்கும் அதே கணக்குத்தான் தோழர்களே! இருக்கிற கலைஞனுக்குக் கூலி கொடுங்கள், வருகிற கலைஞனுக்கு மேடை கொடுங்கள்!